அழைத்தவர்கள் நாங்கள்

எங்கள் வாசிப்பு வட்டத்துக்கு வரும் இரண்டு கல்லூரி மாணவிகள் போன மாதம் ஓர் உதவி கேட்டார்கள். சாலைப் பாதுகாப்பு மாதத்தை ஒட்டி அவர்கள் கல்லூரியில் பட்டிமன்றம். வண்டி ஓட்டும்போது செல்போன் பயன்படுத்துவதை முற்றாகத் தடை செய்ய வேண்டுமா, வேண்டாமா என்பது தலைப்பு. "ரெண்டு பக்கத்துக்கும் பாயின்ட் எடுத்துக் குடுங்கண்ணா" என்றார்கள்.

வேறு தலைப்பாக இருந்தால் அன்று இரவே எழுதிக் கொடுத்திருப்போம். இதற்கு ஒரு வாரம் கடத்தினோம். அவர்களில் ஒருத்தி விடவில்லை. "இதெல்லாம் நம்ம பிரச்சினை இல்லைன்னு நினைக்கிறீங்களா?" என்று கேட்டாள். எங்கள் தயக்கத்துக்குக் காரணம் அதற்கு நேர் எதிரானது. இது எங்கள் பிரச்சினை. ஓராண்டுக்கு மேலாக யாரிடமும் முழுதாகச் சொல்லாமல் வைத்திருக்கும் பிரச்சினை. அந்த மாணவிகளுக்குக் கொடுக்க வேண்டிய பாயின்ட்டை இங்கே எழுதுகிறோம்.

விழுப்புரம் மாவட்டத்தில் நெடுஞ்சாலையை ஒட்டிய ஒரு காலனி எங்களுடையது. சாலைக்கு அந்தப் பக்கம் ஊர். ரேஷன் கடை, பள்ளிக்கூடம், பஸ் நிறுத்தம் எல்லாம் ஊர்ப் பக்கம். இந்தப் பக்கம் நாங்களும் சுடுகாடும். நாங்கள் ஏழெட்டுப் பேர் சேர்ந்து சுற்று வட்டாரத்தில் நடக்கும் வன்கொடுமை வழக்குகளில் பாதிக்கப்பட்டவர்களுக்குத் துணை நிற்கிறோம். புகார் எழுதுவது, காவல் நிலையத்துக்குக் கூடப் போவது, சாட்சிகள் பயந்து போகாமல் பார்த்துக்கொள்வது இவைதான் எங்கள் வேலை. அதில் தம்பி ஒருவன் இருக்கிறான். பெயர் வேண்டாம், தம்பி என்றே சொல்கிறோம். இருபத்தாறு வயது. காலையில் நகராட்சிக் குப்பை வண்டியில் ஒப்பந்த ஓட்டுநர். மாலையில் பைக்கில் சாப்பாடு டெலிவரி. இரண்டுக்கும் நடுவில் எங்களுக்காக ஓடுவான்.

நவம்பர் மாதம். பக்கத்துக் கிராமத்தில் ஒரு பள்ளி மாணவனைச் சாதிப் பெயர் சொல்லி அடித்திருந்தார்கள். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்கு என்றால் டி.எஸ்.பி. விசாரிக்க வேண்டும். அன்று மாலை அவர் அலுவலகத்தில் காத்திருந்தோம். மருத்துவமனையில் எடுத்த ஏ.ஆர். நகல் தம்பியிடம் இருந்தது. அவன் டெலிவரி முடித்துவிட்டு எடுத்து வருவதாகச் சொல்லியிருந்தான். "அதிகாரி கிளம்பப் போறார்" என்று வாசலில் நின்ற காவலர் இரண்டு முறை சொல்லிவிட்டார்.

போன் செய்தோம். எங்கள் போனில் அந்த வரிசை இன்னும் அழியாமல் இருக்கிறது. 6.41, 6.43, 6.44. மூன்று முறையும் அவன் எடுக்கவில்லை. அதாவது சரியாக நடந்துகொண்டான். 6.47க்கு நான்காவது முறை அடித்தோம். எடுத்தான். "அண்ணா, வண்டில இருக்கேண்ணா, வந்துனே இருக்கேன்" என்றான். நாங்கள் வைத்திருக்கலாம். "ரெண்டே நிமிஷம்பா, கேட்டுக்கோ" என்று சொல்லி, எந்த வாசல் வழியாக வர வேண்டும், யாரிடம் கொடுக்க வேண்டும், இன்னும் எத்தனை நேரமாகும் என்று பேசிக்கொண்டே போனோம். பிறகு ஒரு சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு தெருவின் சத்தம் மட்டும் கேட்டது.

ஹெல்மெட்டுக்கும் கன்னத்துக்கும் நடுவில் போனைச் செருகிக்கொண்டு ஓட்டியிருக்கிறான். எங்கள் காலனிக்கு எதிரே, ரேஷன் கடையிலிருந்து அரிசிப் பையோடு சாலையைக் கடந்த ஓர் ஆயாவைக் கடைசி நொடியில்தான் பார்த்திருக்கிறான். வண்டியை ஒடித்தும் இடித்துவிட்டது. ஆயாவுக்கு இடுப்பு எலும்பு முறிந்தது. தம்பிக்கு இடது காலில் இரண்டு இடத்தில் முறிவு. ஆயா எங்கள் தெருக்காரர். எங்களில் இருவரைத் தூக்கி வளர்த்தவர்.

அந்த ஏ.ஆர். நகலை மறுநாள் காலை பதினோரு மணிக்குக் கொடுத்தோம். வாங்கிக்கொண்டார்கள். ஒன்றும் கெட்டுப் போகவில்லை.

இனி சட்டத்துக்கு வருவோம். தடை வேண்டுமா என்று கேட்கிறவர்கள் முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். தடை ஏற்கெனவே இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 184ஆம் பிரிவு ஆபத்தாக வண்டி ஓட்டுவதைப் பற்றியது. 2019இல் வந்த திருத்தம் எவையெல்லாம் ஆபத்தான ஓட்டுதல் என்று பட்டியலிட்டது. அதில் கையில் பிடிக்கும் தகவல் தொடர்புக் கருவியைப் பயன்படுத்துவதும் ஒன்று. முதல் முறை பிடிபட்டால் ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை சிறை, அல்லது 1,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். தமிழ்நாட்டில் 2022 அக்டோபரில் அபராதத் தொகைகள் மாற்றி அறிவிக்கப்பட்டன. முதல் முறை 1,000 ரூபாய், மீண்டும் பிடிபட்டால் 10,000. வழி பார்ப்பதற்கு மட்டும், அதுவும் ஓட்டுபவரின் கவனம் கெடாத வகையில், போனைப் பயன்படுத்தலாம் என்று 2020இல் விதி வந்தது.

2018இல் கேரள உயர் நீதிமன்றம், போனில் பேசியபடி ஓட்டினார் என்பதற்காக மட்டும் அம்மாநிலக் காவல் சட்டத்தின்கீழ் ஒருவரைத் தண்டிக்க முடியாது, பொதுமக்களுக்கு ஆபத்து ஏற்படுத்தியிருக்க வேண்டும் என்று சொன்னது. 2019 திருத்தம் வந்தபின் அந்த விவாதத்துக்குப் பெரிய இடமில்லை. கையில் போன் இருந்தாலே அது ஆபத்தான ஓட்டுதல் வகைக்குள் வந்துவிடுகிறது.

சட்டம் விட்டுவைத்திருக்கும் ஓட்டை இயர்போன். கையில் பிடிப்பதைத்தான் அது சொல்கிறது. காதில் மாட்டிக்கொண்டால் பாதுகாப்பு என்று நம் பிள்ளைகளும் நினைக்கிறார்கள். வண்டி ஓட்டும்போது போன் பயன்படுத்துபவர் விபத்தில் சிக்கும் வாய்ப்பு சுமார் நான்கு மடங்கு என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. காதில் மாட்டிப் பேசுவது கையில் வைத்துப் பேசுவதைவிடப் பெரிதாகப் பாதுகாப்பானது அல்ல என்றும் அதே நிறுவனம் சொல்கிறது. கை சும்மா இருந்தாலும் மனம் சும்மா இல்லை. பின்னால் உட்கார்ந்து பேசுகிறவர் எதிரே லாரி வந்தால் வாயை மூடிக்கொள்வார். போனில் பேசுகிறவருக்கு லாரி தெரியாது. அன்று எங்களுக்கு ஆயா தெரியாததுபோல.

கணக்கும் எளிது. மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி ஒரு நொடியில் ஏறக்குறைய 14 மீட்டர் போகும். யார் அழைக்கிறார்கள் என்று பார்க்க மூன்று நொடி குனிந்தால் 42 மீட்டர். எங்கள் தெருவில் அது பத்து வீட்டுத் தொலைவு. பத்து வீட்டைக் கண்ணை மூடிக்கொண்டு கடப்பது.

2022இல் நாட்டில் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். தமிழ்நாட்டில் மட்டும் 17,884 பேர். நாட்டில் இறந்தவர்களில் நூற்றுக்கு 44 பேருக்கு மேல் இருசக்கர வாகனத்தில் போனவர்கள். செல்போன்தான் காரணம் என்று பதிவாகும் மரணங்கள் இதில் மிகச் சிறு பங்கு. பெரும்பாலானவை அதிவேகம் என்ற கட்டத்துக்குள் போய்விடுகின்றன. ஏன் வேகமாகப் போனான், யாரோடு பேசிக்கொண்டு போனான் என்று அந்தக் கட்டம் கேட்பதில்லை. தம்பி வழக்கிலும் அப்படித்தான். பாரதிய நியாய சன்ஹிதாவின் 281, 125 ஆகிய பிரிவுகளில் அவன்மீது வழக்குப் போட்டார்கள். வழக்கில் அவன் பெயர் இருக்கிறது. அழைத்த எங்கள் எண் அவன் போனில் இருந்தது, வழக்கில் இல்லை.

விபத்துக்குப் பிறகு எங்களுக்குள் பெரிய சண்டை வந்தது. எங்களில் ஒரு சாரார், அபராதம் என்பதே ஏழைகளைப் பிழியும் ஏற்பாடு என்று வாதாடினோம். அந்த வாதத்தில் உண்மை இல்லாமல் இல்லை. ஒப்பந்தத் தூய்மைப் பணியாளருக்கு 1,000 ரூபாய் என்பது இரண்டு மூன்று நாள் கூலி. 10,000 என்றால் ஒரு மாதக் குடும்பம். காருக்குள் போனை மடியில் வைத்துப் பேசுகிறவரை எந்தச் சோதனைச் சாவடியிலும் நாங்கள் நிறுத்திப் பார்த்ததில்லை. பைக்கில் போகிறவனைத்தான் கை காட்டி ஓரம் கட்டுகிறார்கள். அதிலும் வண்டி முகப்பில் அண்ணல் படம் ஒட்டியிருந்தால் ஆர்.சி. புத்தகத்தோடு "எந்த ஊரு, எந்தத் தெரு" என்ற கேள்வியும் சேர்ந்து வரும். எந்தத் தெரு என்று ஏன் கேட்கிறார்கள் என்பது இதைப் படிக்கும் உங்களுக்குத் தெரியும்.

ஆகவே தடை வேண்டாம், அது நம் பிள்ளைகள்மேல்தான் விழும் என்ற முடிவுக்கு வந்துவிட்டிருந்தோம். அந்த மனநிலையில்தான் ஆயாவைப் பார்க்கப் போனோம். தம்பிக்காகப் பரிந்து பேசினோம். அவன் வண்டிக்கு இன்சூரன்ஸ் முடிந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. ஆயா இழப்பீடு கேட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போனால் முழுத் தொகையும் அவன் தலையில்தான் விழும். ஏழைப் பையன், பாவம், கொஞ்சம் யோசிக்கணும் என்றோம்.

ஆயா கட்டிலில் படுத்தபடியே கேட்டார்: "அவன் ஏழப் பையன்னு சொல்ல வந்திருக்கீங்க. அப்ப நான் யாருடா, பணக்காரியா?"

பதில் சொல்ல வாய் வரவில்லை. நாங்கள் போட்டிருந்த கணக்கில் சாலையில் வண்டி ஓட்டுகிற ஏழை இருந்தான். சாலையை நடந்து கடக்கிற ஏழை இல்லை. நூறு நாள் வேலைக்கு நடந்து போகிற பெண்கள், பஸ்ஸுக்கு ஓடுகிற பிள்ளைகள், சாலையைக் கூட்டுகிற தூய்மைப் பணியாளர்கள், குழி தோண்டும் கூலிக்காரர்கள் இவர்களெல்லாம் யார்? நெடுஞ்சாலை நம் குடியிருப்பை வெட்டிக்கொண்டு போன இடங்களிலெல்லாம் அதை நடந்து கடக்கிறவர்கள் பெரும்பாலும் நம் ஆட்கள்தான். வண்டி ஓட்டும்போது போன் கூடாது என்ற விதி முதலில் காப்பாற்றுவது அவர்களை. அந்த விதியை எதிர்க்க நமக்கு உரிமை இல்லை. அது யார்மேல் விழுகிறது, யாரை விட்டுவிடுகிறது என்று கேட்கத்தான் உரிமை இருக்கிறது.

அந்தக் கேள்விக்குள் போனால் இன்னொன்று தெரிகிறது. தம்பி கால் கட்டோடு படுத்திருந்தபோது, ஒரு நாளில் வண்டியில் இருக்கும் நேரத்தில் யார் யார் அழைக்கிறார்கள் என்று கேட்டோம். காலை ஐந்தரைக்கு மேஸ்திரி. எந்தத் தெருவில் நிற்கிறாய், போட்டோ அனுப்பு என்பார். எடுக்காவிட்டால் அன்று ஆப்சென்ட் போடுவதாக மிரட்டல். மாலையில் ஆப். ஓடிக்கொண்டிருக்கும்போதே புது ஆர்டர் மணி அடிக்கும். சில நொடிக்குள் தொடாவிட்டால் அது வேறொருவருக்குப் போய்விடும். அடிக்கடி விட்டால் இன்சென்டிவ் குறையும். நடுவில் வாடிக்கையாளர், எங்கே இருக்கீங்க, எவ்வளவு நேரம் என்பார். நான்காவதாக அவன் சொன்னது எங்களை. "நீங்க கூப்ட்டா எடுக்காம இருக்க முடியாதுண்ணா. வழக்கு விஷயமா இருக்கும்."

மேஸ்திரி கூப்பிட்டு எடுக்காவிட்டால் வேலை போகும் என்பது மட்டுமல்ல. "உனக்கு அவ்ளோ திமிரா, போன எடுக்க மாட்டியா" என்ற சொல்லும் வரும். அதிகாரி ஒருவர் அழைப்பை எடுக்காவிட்டால் அவர் மீட்டிங்கில் இருப்பதாக உலகம் புரிந்துகொள்ளும். நம் பையன் எடுக்காவிட்டால் அது திமிர். ஓட்டுகிறவன் கையில் போன் ஏறுவதற்கு அவன் பொறுப்பின்மை மட்டும் காரணமல்ல. எடுக்காமல் இருக்கும் உரிமை எல்லோருக்கும் ஒரே அளவில் இல்லை.

இந்த ஏற்பாடு செல்போனோடு வந்ததல்ல. எங்கள் தாத்தாக்களுக்கு ஊரிலிருந்து ஆள் வரும். சாவு சொல்ல நடக்க வேண்டும், தப்படிக்க வேண்டும், குழி வெட்ட வேண்டும். சாப்பிட்டுக்கொண்டிருந்தாலும் எழுந்து போக வேண்டும். மராட்டியத்தில் இதற்குச் சட்டப் பெயரே இருந்தது, மகர் வத்தன். சிறு துண்டு நிலத்துக்கும் தானியப் பங்குக்கும் ஈடாக மகர்கள் அரசுக்கும் ஊருக்கும் எந்த நேரம் கூப்பிட்டாலும் வர வேண்டும். ஆண் இல்லையென்றால் வீட்டில் இருக்கும் இன்னொருவர் போக வேண்டும். வேலைக்கு நேரமே கிடையாது. அண்ணல் அம்பேத்கர் 1928இல் பம்பாய் சட்டமன்றத்தில் இதை மாற்ற மசோதா கொண்டுவந்தார். அந்த முறை சட்டப்படி ஒழிய அவர் மறைந்த பிறகு 1958 வரை ஆனது. இடையில் 1942 முதல் 1946 வரை வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறைக்குப் பொறுப்பேற்றிருந்தபோது, வேலை நேரத்துக்கு ஓர் எல்லை வேண்டும் என்பதற்காக அவர் உழைத்ததை நாம் மே நாள் கூட்டங்களில் பேசுகிறோம். எட்டு மணி நேரத்துக்கு எல்லை கேட்டவரின் பிள்ளைகள், எந்த நேரமும் ஒலிக்கும் மணியைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஓடுகிறோம்.

எனவே எங்கள் கோரிக்கை இது. தடை வேண்டும். அந்தத் தடை எடுப்பவரோடு நிற்கக் கூடாது, அழைப்பவரையும் பிடிக்க வேண்டும். இதற்குப் புதுச் சட்டம்கூடத் தேவையில்லை. மோட்டார் வாகனச் சட்டத்திலேயே இரண்டு பிரிவுகள் பயன்படுத்தப்படாமல் கிடக்கின்றன. சட்டம் படிக்கும் மாணவர்கள் குறித்துக்கொள்ளுங்கள்.

ஒன்று, 188ஆம் பிரிவு. 184ஆம் பிரிவின்கீழ் வரும் ஆபத்தான ஓட்டுதலுக்கு உடந்தையாக இருப்பவருக்கும் அதே தண்டனை என்று அது சொல்கிறது. வண்டியில் இருக்கிறான் என்று தெரிந்தே போனை எடுக்கச் சொல்லி நிர்ப்பந்திக்கிற ஒப்பந்ததாரரை இந்தப் பிரிவில் ஏன் கேள்வி கேட்கக் கூடாது?

இரண்டு, 183ஆம் பிரிவு. வேக வரம்பு பற்றியது. தானே வேகமாக ஓட்டுபவரை மட்டுமல்ல, தன்கீழ் வேலை செய்பவரை வேகமாக ஓட்ட வைப்பவரையும் அது பிடிக்கிறது. குறிப்பிட்ட நேரத்துக்குள் போய்ச் சேர வேண்டும் என்று ஒருவர் அட்டவணை போட்டாலோ உத்தரவு கொடுத்தாலோ, வேக வரம்பை மீறாமல் அதைச் செய்ய முடியாது என்று நீதிமன்றம் கருதினால், அந்த உத்தரவே அவர் குற்றம் செய்ததற்கு முதல் நோக்கில் சான்று என்று அதன் நான்காம் உட்பிரிவு சொல்கிறது. பத்து நிமிடத்தில் கொண்டுவந்து தருகிறோம் என்று விளம்பரம் செய்தவர்களை வைத்து இந்த உட்பிரிவை ஒருமுறை படித்துப் பாருங்கள்.

அமெரிக்காவில் 2012 ஜனவரியில் நடப்புக்கு வந்த ஒரு விதி, லாரி, பஸ் ஓட்டுநர்கள் கையில் போன் பிடிக்கத் தடை விதித்தது. மீறும் ஓட்டுநருக்கு 2,750 டாலர் வரை அபராதம். அப்படிப் பயன்படுத்த அனுமதிக்கிற, நிர்ப்பந்திக்கிற நிறுவனத்துக்கு 11,000 டாலர் வரை. நான்கு மடங்கு. வேலை வாங்குபவர் பொறுப்பு வேலை செய்பவர் பொறுப்பைவிடக் கூடுதல் என்பதைத் தொகையிலேயே எழுதி வைத்தார்கள். இங்கே 2020இல் நிறைவேறிய சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு ஆப் வழி வேலை செய்பவர்களைத் தொழிலாளர் வகையாகக் குறிப்பிட்டது. 2023இல் தமிழ்நாட்டில் அவர்களுக்கு நலவாரியம் அமைந்தது. இரண்டும் வரவேற்க வேண்டியவை. ஆனால் நலவாரியம் விபத்துக்குப் பிறகு கை கொடுக்கும். விபத்துக்கு முன்னால் அடிக்கும் மணியை யாராவது நிறுத்த வேண்டும். வண்டி நகரும்போது ஆர்டர் மணி அடிக்கக் கூடாது, நின்ற பிறகு வர வேண்டும் என்று அந்த ஆப்பை மாற்றுவது நிறுவனங்களுக்கு முடியாத காரியமா? வண்டி எங்கே நிற்கிறது, எங்கே நகர்கிறது என்று நொடிக்கு நொடி பார்த்துக்கொண்டிருப்பவர்கள் அவர்கள்தானே.

காவல்துறையிடம் ஒரு கோரிக்கை. கையில் போன் இருந்ததா என்பதே குற்றம். அதற்குக் கேமரா படம் போதும். போனை வாங்கித் திறந்து பார்க்க வேண்டிய தேவை இல்லை. எங்களைப் போன்றவர்கள் போனில் சாட்சிகளின் எண்கள் இருக்கின்றன, பாதிக்கப்பட்ட பெண்களின் வாக்குமூலங்கள் இருக்கின்றன. சாலைப் பாதுகாப்பின் பெயரால் அவை யார் கைக்கும் போகக் கூடாது. கேமராவுக்குக் காரும் பைக்கும் ஒன்று, அது எந்தத் தெரு என்று கேட்காது என்பது கூடுதல் நன்மை.

இவ்வளவும் சொன்ன பிறகு எங்கள் பங்குக்கு வராமல் இருக்க முடியாது. 188ஆம் பிரிவை ஒப்பந்ததாரருக்கு எதிராகப் படித்த அதே இரவில் எங்களுக்கு எதிராகவும் படித்துப் பார்த்தோம். "வண்டில இருக்கேண்ணா" என்று அவன் சொன்ன பிறகும் பேசியவர்கள் நாங்கள். நீதிமன்றம் என்ன சொல்லும் என்பது வேறு. எங்களுக்கு நாங்கள் சொல்லிக்கொண்ட தீர்ப்பு தெளிவாக இருந்தது.

அண்ணல் தன் வாழ்வில் நடந்த ஒரு விபத்தை எழுதியிருக்கிறார். 1929. தீண்டத்தகாதோர் குறைகளை விசாரிக்கும் அரசுக் குழுவில் இருந்த அவர் சாலிஸ்காவ் ரயில் நிலையத்தில் இறங்கினார். அவரைத் தங்கள் குடியிருப்புக்கு அழைத்துப் போக மகர்கள் காத்திருந்தார்கள். தீண்டத்தகாதவரை ஏற்றி ஓட்ட எந்தக் குதிரைவண்டிக்காரரும் ஒப்பவில்லை. கடைசியில் வண்டி மட்டும் கிடைத்தது, ஓட்டுபவர் இல்லை. பழக்கமில்லாத மகர் ஒருவரே ஓட்டினார். ஆற்றுப் பாலத்தில் சக்கரம் சிக்கி, வண்டியும் குதிரையும் ஆற்றில் விழ, அண்ணல் கல்தரையில் எறியப்பட்டுக் கால் முறிந்தது. இதை எழுதும்போது அவர் வண்டிக்காரர்களின் சாதித் திமிரோடு நிறுத்திக்கொள்ளவில்லை. விருந்தாளியை நடக்க வைப்பது மரியாதை இல்லை என்று நினைத்த தம் மக்கள், மரியாதையைவிடப் பயணியின் உயிர் பெரிது என்பதை மறந்துவிட்டார்கள் என்பதையும் எழுதினார்.

அந்த இரண்டாவது பகுதியை நாங்கள் பல முறை படித்தும் கவனித்ததில்லை. தம்பியின் காலைப் பார்த்த பிறகுதான் கவனித்தோம். எங்களுக்கும் அன்று வழக்கு பெரிதாக இருந்தது, அவசரம் பெரிதாக இருந்தது. இயக்க வேலை என்பதால் எந்த நேரமும் யாரையும் கூப்பிடலாம் என்று நினைத்தோம். மேஸ்திரி சம்பளத்தைக் காட்டி எடுக்க வைத்தார். நாங்கள் அன்பைக் காட்டி எடுக்க வைத்தோம்.

இப்போது எங்களிடம் சில விதிகள் இருக்கின்றன. உங்கள் குழுக்களிலும் வைத்துக்கொள்ளுங்கள். போனில் முதல் கேள்வி "வண்டியிலயா?" என்பதுதான். ஆம் என்றால் அந்த நொடியே வைத்துவிட வேண்டும், "ரெண்டு நிமிஷம்" கிடையாது. ஒரு முறை எடுக்கவில்லை என்றால் திரும்ப அடிப்பதில்லை, செய்தி அனுப்பிவிட்டுக் காத்திருப்போம். எந்த ஆவணமும் ஒரே ஆளிடம் இருக்காது, குறைந்தது இரண்டு பேரிடம் நகல் இருக்கும். ஓட்டுபவர் போன் சீட்டுக்கு அடியில் அல்லது பையில் இருக்கும். பின்னால் ஆள் இருந்தால் அவர் பேசலாம். ஏப்ரல் 14 பைக் பேரணியில் ஓட்டுபவர் லைவ் போடுவதும் ரீல்ஸ் எடுப்பதும் இல்லை. இதைச் சொன்னபோது இளைஞர்கள் சிலர் முகம் சுளித்தார்கள். அண்ணல் கொடியோடு போகிற நம் வண்டி ஒரு குழந்தைமேல் ஏறினால் அந்தக் கொடியை எங்கே கொண்டு வைப்பது என்று கேட்டோம். அதற்குப் பிறகு ஒருவரும் பேசவில்லை.

எளிதாக இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். விதி போட்ட மூன்றாம் வாரம் ஓர் இரவு, தாக்குதல் நடக்கும் என்று தகவல் வந்தது. வழியில் இருந்த தோழருக்கு எங்களில் ஒருவர் இரண்டாம் முறை அடித்துவிட்டார். அவர் எடுக்கவில்லை. இருபது நிமிடம் கழித்து வண்டியை நிறுத்திவிட்டு அவரே கூப்பிட்டார். அந்த இருபது நிமிடம் எங்களுக்கு நீளமாகத்தான் இருந்தது. ஆனால் அவர் முழுதாக வந்து சேர்ந்தார்.

தம்பிக்குக் குப்பை வண்டி வேலை போய்விட்டது. கால் சற்றுத் தாங்குகிறது. ஒரு ஜெராக்ஸ் கடையில் உட்கார்ந்த வேலை பார்க்கிறான். வழக்கு நடக்கிறது. ஒவ்வொரு வாய்தாவுக்கும் நாங்கள் கூடப் போகிறோம். ஆயாவின் மருத்துவச் செலவுக்கு மாதம் ஒரு தொகை எங்கள் கையிலிருந்து போகிறது. அது இழப்பீடு அல்ல. அதை அவர் தீர்ப்பாயத்தில் கேட்டால் தடுக்கவும் மாட்டோம், மனு எழுதித் தருவதும் நாங்களாகத்தான் இருப்போம். ஆயா கோல் ஊன்றி நடக்கிறார். ரேஷன் கடைக்கு மட்டும் இன்னும் தனியாகப் போவதில்லை, சாலையைக் கடக்கப் பயம். கடையைக் காலனிப் பக்கம் கொண்டுவரச் சொல்லியும், கடக்கும் இடத்தில் வேகத்தடையும் விளக்கும் கேட்டும் ஆட்சியரிடம் மனு கொடுத்திருக்கிறோம்.

பட்டிமன்றத்துக்குப் போகும் தங்கைகளே, நீங்கள் எந்தப் பக்கம் பேசினாலும் ஆயாவின் கேள்வியை மேடையில் சொல்லுங்கள். பேசி முடித்துவிட்டு, எப்படி இருந்தது என்று எங்களுக்குப் போன் செய்யுங்கள். நாங்கள் எடுக்கவில்லை என்றால் வண்டியில் இருக்கிறோம் என்று புரிந்துகொள்ளுங்கள்.

ஜெய் பீம்.